குனிந்து பார்க்க வேண்டிய பூ

ஹெல்லிபோர் பூவைப் பார்க்க வேண்டுமானால் குனிந்தே ஆக வேண்டும். செடி முழங்கால் உயரத்தைத் தாண்டுவது அபூர்வம். பூவோ தலையைத் தொங்கப் போட்டு மண்ணையே பார்த்துக்கொண்டிருக்கும். காம்புக்கடியில் ஒரு விரலைக் கொடுத்து மெல்ல நிமிர்த்தினால்தான் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும். ஒன்றில் வெள்ளைத் தரையில் குங்குமம் தெளித்ததுபோலப் புள்ளிகள். பக்கத்துச் செடியில் நாவற்பழத் தோலின் கருநீலம். அதற்கடுத்ததில் எலுமிச்சை மஞ்சள், நடுவே ஒரு சிவப்பு வட்டம். பிப்ரவரி மாதத்து இங்கிலாந்தில் மரங்கள் மொட்டையாக நிற்கும், மண் நசநசவென்று ஈரமாக இருக்கும். அந்த நேரத்தில் தோட்டம் பார்க்க வருபவர்கள் கம்பளிக் கையுறையைக் கழற்றிவிட்டு, செடிக்குச் செடி குனிந்து நிமிர்ந்துகொண்டிருப்பார்கள்.

காட்டில் தேடிப் போனால் இவ்வளவு நிறம் கிடைக்காது. ஹெல்லிபோர் பேரினத்தில் ஏறக்குறைய 20 சிற்றினங்கள் இருக்கின்றன. பால்கன் மலைநாடுகள்தான் அவற்றின் தாய்வீடு; மேற்கே ஸ்பெயின் வரைக்கும் கிழக்கே காக்கசஸ் வரைக்கும் பரவியிருக்கின்றன. ஒரே ஒரு சிற்றினம் மட்டும் எல்லோரையும் விட்டு விலகிச் சீனாவில் தனியாக வாழ்கிறது. இவற்றில் பெரும்பாலானவை இலையின் பச்சையிலேயே பூப்பவை. சிலவற்றில் மங்கிய ஊதா, சிலவற்றில் வெள்ளை. அந்தச் சொற்ப முதலை வைத்துக்கொண்டு இன்றைய தோட்டங்களின் நிறங்களை எல்லாம் வரவழைத்தவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய சிலர். அவர்களில் பலருக்கு ஆய்வகம் கிடையாது. வீட்டுக்குப் பின்னால் ஒரு நர்சரி, கையில் ஒரு தூரிகை, அவ்வளவுதான்.

ஆங்கிலேயர் இதன் இரண்டு வகைகளை ரோஜா என்றே அழைக்கிறார்கள். ஆல்ப்ஸ் மலைச் சரிவுகளில் வளரும் வெள்ளைப் பூவான ஹெல்லிபோரஸ் நைகர் கிறிஸ்துமஸ் ரோஜா. துருக்கியின் வடபகுதியிலும் காக்கசஸிலும் வளரும் ஹெல்லிபோரஸ் ஓரியண்டாலிஸ், சாம்பல் புதனுக்குப் பிறகு வரும் நாட்களில் பூப்பதால் தவக்கால ரோஜா. ரோஜாக் குடும்பத்துக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பூவில் நிறமாகத் தெரிபவை அல்லிதழ்களும் இல்லை, புல்லிதழ்கள். உண்மையான அல்லிதழ்கள் சுருங்கிச் சின்னஞ்சிறு தேன் குழல்களாகி நடுவில் வட்டமாக நிற்கின்றன. புல்லிதழ் சீக்கிரம் உதிராது என்பதால்தான் ஒரு பூ மாதக்கணக்கில் செடியிலேயே நிற்கிறது. விதை முற்றும்போது நிறம் வெளிறிப் பச்சையாகிறது.

தோட்டத்துக்கு வரும் முன்னால் இந்தச் செடி மருந்துப் பெட்டியில் இருந்தது. மருந்து என்பதைவிட விஷம் என்பது பொருந்தும். கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் தாவரங்களைப் பற்றி எழுதிய கிரேக்க அறிஞர் தியோஃப்ராஸ்டஸ், வேர் தோண்டுபவர்களின் வழக்கத்தை விவரமாகச் சொல்லியிருக்கிறார். தோண்டுவதற்கு முன் பூண்டு தின்று, கலப்பில்லாத திராட்சை மது குடிக்க வேண்டும். இல்லாவிட்டால் தலை கனத்துவிடும். செடியைச் சுற்றி ஒரு வட்டம் கீறி, கிழக்கே பார்த்து நின்று, வேண்டிக்கொண்டு வெட்ட வேண்டும். அப்போது கழுகு பறந்து வருகிறதா என்று வலமும் இடமும் பார்த்துக்கொள்ள வேண்டும். பக்கத்தில் வந்துவிட்டால் வெட்டியவர் அந்த ஆண்டுக்குள் சாவார் என்று நம்பினார்கள். கொரிந்த் வளைகுடாக் கரையில் இருந்த ஆண்டிகிரா என்ற ஊர் ஹெல்லிபோர் வைத்தியத்துக்கே பேர் போனது. சித்தம் கலங்கியவர்களை அங்கே கொண்டுபோவார்கள். கிறுக்குத்தனமாகப் பேசுபவரை 'ஆண்டிகிராவுக்குப் போய் வா' என்பது ரோமானியர் காலத்திலும் வழங்கிய பேச்சு. கிர்ரா நகர முற்றுகையின்போது ஆற்று நீரில் இந்த வேரைக் கலந்து, குடித்தவர்களுக்கு வயிற்றுப்போக்கு உண்டாக்கி ஊரைப் பிடித்தார்கள் என்று பௌசானியஸ் எழுதிவைத்த கதையும் உண்டு.

தமிழுக்கும் இந்தச் செடியின் பெயர் ஒரு குழப்பத்தின் வழியாக வந்து சேர்ந்திருக்கிறது. கடுகுரோகிணி என்ற சொல்லுக்கு எதிரே ஹெல்லிபோரின் பெயரைப் போட்டிருக்கும் பழைய அகராதிகள் உண்டு. நாட்டு மருந்துக் கடையில் பொட்டலம் கட்டித் தரும் கடுகுரோகிணி இமயமலையில் வளரும் வேறொரு குடும்பத்துச் செடி. இரண்டுமே கறுத்த, கசந்த வேர். இரண்டுமே வயிற்றைக் கழுவக் கொடுத்த மருந்து. ஐரோப்பிய வைத்தியர் தமக்குத் தெரிந்த பெயரை இங்கே கண்ட வேருக்குச் சூட்டிவிட்டார்கள் போலும். நைகர் என்றால் லத்தீனில் கறுப்பு. வெள்ளை வெளேரென்று பூக்கும் செடிக்கு அந்தப் பெயர் வந்ததும் வேரின் நிறத்தால்தான். அதன் வேரை மட்டுமே மனிதர்கள் தேடிய காலம் அவ்வளவு நீண்டது.

பூவுக்காகத் தேடும் காலம் மெதுவாகத்தான் வந்தது. 1700-இல் பிரெஞ்சு மன்னரின் ஆதரவோடு கிழக்கே கிளம்பிய தாவரவியலாளர் டூர்ன்ஃபோர், துருக்கியில் தவக்கால ரோஜாவைக் கண்டு, பண்டைய கிரேக்கர்கள் சொன்ன ஹெல்லிபோர் இதுதான் என்று முடிவுக்கு வந்தார். பூவின் அழகு அப்போதும் பேச்சில் இல்லை. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் காக்கசஸிலிருந்து வந்த செடிகள் பெர்லின் தாவரவியல் தோட்டத்தில் பூத்தபோதுதான் நிலைமை மாறியது. அவற்றில் ஒன்றின் உட்புறம் முழுக்கச் செம்புள்ளிகள், இன்னொன்று செவ்வூதா. தோட்டத்தின் இயக்குநர் அலெக்சாண்டர் பிரௌன் அவற்றுக்குப் பெயரிட்டு விவரித்தார். பக்கத்துப் பக்கத்தில் நட்டால் தேனீயே கலப்பை முடித்துவிடும் செடிகள் இவை. ஜெர்மன் தோட்டக்காரர்கள் தேனீயின் வேலையைத் தாங்களே கையில் எடுத்துக்கொண்டார்கள். எர்ஃபுர்ட் நகரத்தில் ஹைனமன் என்ற விதை வணிகர் வளர்த்த வகைகளில் ஒன்று அவருடைய குடும்பப் பெயரோடு 'ஃபிராவ் இரீன் ஹைனமன்' என்று கடல் தாண்டி இங்கிலாந்துக்குப் போனது. டெவன் மாவட்டத்தில் ஆர்ச்சர்-ஹிண்ட் என்பவர் தம் வீட்டுத் தோட்டத்தில் கலப்புகள் செய்தார். தோட்டக் கலையில் பேர்பெற்ற கெர்ட்ரூட் ஜெக்கில் தமது மன்ஸ்டெட் வுட் தோட்டத்தில் ஹேசல் மரங்களின் நிழலில் தவக்கால ரோஜாக்களை நட்டார்.

பிறகு அந்த வகைகளில் பெரும்பாலானவை காணாமல் போயின. ஏன் என்று புரிந்துகொள்ள, இந்தச் செடியில் ஒரு புது வகை எப்படி உண்டாகிறது என்பதைக் கொஞ்சம் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

ஹெல்லிபோர் பூவில் பெண் பாகம் முதலில் தயாராகும். மொட்டு விரியும்போதே சூல்முடி மகரந்தத்தை ஏற்கத் தயார். மகரந்தப் பைகள் வெடிக்கச் சில நாள் ஆகும். ஆகவே பூ விரியும்வரை காத்திருந்தால் தேனீ முந்திக்கொள்ளும். இனப்பெருக்கம் செய்பவர் நாளை விரியப் போகும் கொழுத்த மொட்டாகப் பார்த்துத் தேர்ந்து, புல்லிதழ்களை விரலால் மெதுவாகப் பிரிப்பார். உள்ளே மூன்று முதல் ஐந்து சூலகங்கள் குச்சிபோல நீட்டிக்கொண்டிருக்கும். தந்தைச் செடியில் அன்று வெடித்த மகரந்தப் பை ஒன்றை இடுக்கியால் கிள்ளி வந்து, ஒவ்வொரு நுனியிலும் மாவு ஒட்டுவதுபோலத் தடவுவார். காம்பில் நிறக் கம்பளி நூல் கட்டி, தாய் யார், தந்தை யார் என்று குறித்துக்கொள்வார். மழையில்லாத, கொஞ்சம் வெயில் எட்டிப்பார்க்கும் நடுப்பகல்தான் இதற்கு ஏற்ற நேரம். அதுவும் ஜனவரி குளிரில், ஈரத் தரையில் மண்டியிட்டபடி.

மே கடைசியிலோ ஜூனிலோ காய் வெடிக்கும். வெடித்தால் விதை சிதறிவிடும் என்பதால் முன்கூட்டியே மெல்லிய துணிப்பை கட்டிவிடுவார்கள். கறுத்து மினுங்கும் விதை, அதன் ஒரு பக்கத்தில் வெள்ளையாகக் கொழுப்புச் சதை. எறும்புகளுக்கு அது விருந்து. அந்த விதையை எடுத்த கையோடு விதைக்க வேண்டும். கோடையின் வெதுவெதுப்பும் அதன் பிறகு குளிரும் பட்டால்தான் முளை வரும். காயவைத்து டப்பாவில் போட்டால் இன்னொரு ஆண்டு உறங்கிவிடும். குளிர்காலத்தில் இரட்டை வித்திலை தலைகாட்டும். முதல் பூ வருவதற்கு மூன்றாவது குளிர்காலம் வரைக்கும் பொறுத்திருக்க வேண்டும். பூத்த நாற்றுகளில் மிகப் பெரும்பாலானவை குப்பைக்குழிக்குப் போகும். தேறிய ஒன்றிரண்டை மறுபடி ஒன்றோடொன்று கலந்தால், மறுபடி மூன்று ஆண்டு.

சரி, மனதுக்குப் பிடித்த ஒரு செடி கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அதன் விதையைப் போட்டால் அதே பூ வராது. அந்த நாட்களில் தூர் பிரித்து நடுவது ஒன்றே அதே செடியைப் பெருக்கும் வழி. வாழைக்குப் பக்கக் கன்று வருவதுபோல வேகமாக இது தூர் கட்டாது. பிரித்த துண்டு மறுபடி தேறிப் பூக்கச் சில ஆண்டுகள் எடுக்கும். ஒரு பெயருள்ள வகை நூறு தோட்டங்களுக்குப் போய்ச் சேர்வதற்குள் அதைப் படைத்தவருக்கு வயதாகிவிடும். அதற்குள் யாராவது தாய்ச்செடியின் அடியில் தானாக முளைத்த நாற்றைப் பெயர்த்து, தாயின் பெயரையே சொல்லிக் கொடுத்திருப்பார்கள். ஜெர்மானியர்களின் பழைய வகைகள் இப்படித்தான் கலைந்தன. பெயர் தங்கியது, செடி மாறிவிட்டது.

20-ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் இந்த வேலையை மறுபடி கையில் எடுத்தவர்களில் ஹெலன் பாலார்டுக்குத் தனி இடம் உண்டு. 1908-இல் பிறந்தவர். மாமனார் எர்னஸ்ட் பாலார்டு, இலையுதிர்காலத்தில் பூக்கும் மைக்கேல்மஸ் டெய்சியில் புது வகைகள் உண்டாக்கிப் பெயர் பெற்றவர். மருமகள் குளிர்காலப் பூவைத் தேர்ந்தெடுத்தார். மால்வெர்ன் மலைக்குப் பக்கத்தில் மாத்தன் என்ற சிற்றூரில் அவர் தோட்டம். எந்தப் பூவை வைத்துக்கொள்வது, எதை எறிவது என்பதில் அவர் கறாரானவர்: நிறம் கலங்கலில்லாமல் தெளிவாக இருக்க வேண்டும், புல்லிதழ்கள் வட்டமாக, ஒன்றின் மேல் ஒன்று படிந்து, கிண்ணம்போல அமைய வேண்டும். காக்கசஸ் சிகரம் ஒன்றின் பெயரால் 'உஷ்பா' என்ற வெள்ளை, 'சிட்ரோன்' என்ற மஞ்சள், கணவர் பெயரால் 'ஃபிலிப் பாலார்டு' என்ற கருமை வகை என்று அவர் பெயரிட்டவை பல. இன்று எந்த நர்சரியில் வட்ட வடிவ ஹெல்லிபோர் பூவைப் பார்த்தாலும் அதன் வம்சாவளியில் மாத்தன் தோட்டத்துச் செடி ஒன்று இருக்க வாய்ப்புண்டு. 1995-இல் அவர் மறைந்தார். அவர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தவர்களில் ஜெர்மனியின் கொலோன் நகரத்து கிசெலா ஷ்மீமன் ஒருவர். பாலார்டைப் பற்றி ஒரு புத்தகமும் எழுதினார். ஜெர்மனியில் தொடங்கிய வேலை இங்கிலாந்து போய் ஜெர்மனிக்கே திரும்பியது.

அதே காலத்தில் டோர்செட் மாவட்டத்தில் எரிக் ஸ்மித், ஜிம் ஆர்ச்சிபால்டோடு சேர்ந்து 'தி பிளாண்ட்ஸ்மென்' என்ற நர்சரியை நடத்தினார். தம்முடைய ஹெல்லிபோர்களுக்கு அவர் வானத்தோடு தொடர்புடைய பெயர்களைச் சூட்டினார்: 'சிரியஸ்', 'புளூட்டோ', 'காஸ்மோஸ்'. நர்சரி சில ஆண்டுகளே நீடித்தது, 1975-இல் மூடப்பட்டது. அவர் பெயரிட்ட செடிகளும் தூர் பிரித்தே பெருகியவை என்பதால் இன்று உண்மையான 'புளூட்டோ' எங்கே என்று கேட்டால் உறுதியாகக் கைகாட்டுவது கஷ்டம். ஒரு மனிதரின் பத்து ஆண்டு உழைப்பு இப்படிக் கரைவதைப் பார்க்க வருத்தமாகத்தான் இருக்கிறது.

1971-இல் நடந்தது கதையையே திருப்பிப் போட்டது. கென்ட் மாவட்டத்தில் வாஷ்ஃபீல்டு நர்சரியை நடத்திய எலிசபெத் ஸ்ட்ராங்மன், அப்போது யூகோஸ்லாவியாவில் இருந்த மாண்டினீக்ரோ மலைகளில் செடி தேடிப் போயிருந்தார். டார்குவாட்டஸ் என்ற சிறிய காட்டு ஹெல்லிபோர் கூட்டத்தில், இயல்பான ஐந்து இதழ்களுக்குப் பதிலாக அடுக்கடுக்காக இதழ் வைத்த செடி ஒன்றைக் கண்டார். சற்று நேரத்துக்குள் இன்னொன்று. தேன் குழல்களாகச் சுருங்கியிருக்க வேண்டிய அல்லிதழ்கள் அந்தச் செடிகளில் சுருங்காமல் இதழாகவே விரிந்திருந்தன. பச்சையும் ஊதாவும் பழுப்பும் மங்கலாகக் கலந்த சின்னப் பூக்கள். பார்த்தவுடன் மயக்கும் அழகு என்று சொல்ல முடியாது. ஸ்ட்ராங்மன் அவற்றுக்கு வர்ஜிலின் காவியத்துக் காதலர்களான 'டைடோ', 'ஈனியாஸ்' என்று பெயர் வைத்தார்.

அடுக்குப் பூவை உண்டாக்கும் மரபணு ஒடுங்கு தன்மை கொண்டது. அடுக்குப் பூவையும் ஒற்றைப் பூவையும் கலந்தால் முதல் தலைமுறை பெரும்பாலும் ஒற்றையாகவே பூக்கும். மூன்று ஆண்டு காத்திருந்து அதைப் பார்க்கும்போது எல்லாம் வீண் என்றுதான் தோன்றும். ஆனால் அந்த ஒற்றைப் பூச் செடிகளைத் தங்களுக்குள் கலந்து இன்னொரு மூன்று ஆண்டு காத்திருந்தால், பேரப் பிள்ளைகளில் ஒரு பங்கு அடுக்குப் பூவாக வரும், பெரிய நிறப்பூக்களின் சாயலோடு. ஹாம்ப்ஷயரில் பிளாக்தார்ன் நர்சரியை நடத்திய ராபின் வைட் இந்த வழியில்தான் 'பார்ட்டி டிரெஸ்' என்ற அடுக்கு வகைகளைக் கொண்டுவந்தார். பாவாடைக் கொசுவம்போல மடிந்த சின்ன இதழ்கள் அவற்றுக்கு.

ஸ்ட்ராங்மன் தலைமுறை இன்னொரு முடிவும் எடுத்தது. ஒரே செடியைத் தூர் பிரித்துக்கொண்டிருப்பதை விட்டு, ஒரு நிறத்துச் செடிகளை மட்டும் தங்களுக்குள் தலைமுறை தலைமுறையாகக் கலந்து, விதையிலிருந்தே ஏறக்குறைய அதே பூ வரும்படி வம்சங்களை உருவாக்கினார்கள். மஞ்சளோடு மஞ்சள், புள்ளியோடு புள்ளி. மேற்கு மிட்லாண்ட்ஸில் ஜான் மாஸியின் ஆஷ்வுட் நர்சரி இதைப் பெரிய அளவில் செய்தது. இந்தச் செடிகளுக்குத் தனிப்பெயர் இருக்காது. 'அடுக்கு, வெள்ளை, புள்ளி' என்று ஒரு சீட்டு மட்டும். வாங்குபவர் பூத்த செடியாகப் பார்த்து வாங்கிக்கொள்ளலாம். உடன்பிறப்புகள்போல ஒத்த சாயல் இருக்கும், ஒவ்வொன்றும் தனி முகம். குனிந்து பார்க்க முடியாதவர்களுக்காகப் பூக்களைக் கிள்ளி அகன்ற நீர்த் தட்டில் முகம் மேலாக மிதக்கவிடும் வழக்கமும் இருக்கிறது. உருளியில் பூ மிதக்கவிடுகிற நம்மவர்கள் அதைக் கண்டால் ஏதோ தெரிந்த வீட்டுக்கு வந்ததுபோல உணர்வார்கள்.

தவக்கால ரோஜாவையும் அதன் பால்கன் உறவுகளையும் கலப்பது எளிது. கிறிஸ்துமஸ் ரோஜா அப்படி இணங்காது. கோர்சிகா தீவின் ஹெல்லிபோரோடும் மயோர்கா தீவின் ஹெல்லிபோரோடும் அது கூடியது; பிறந்த கலப்பினங்களில் இரண்டுக்குப் பின்னாளில் எரிக் ஸ்மித், ஹெலன் பாலார்டு இருவரின் பெயர்களையும் தாவரவியலாளர் பிரையன் மாத்யூ சூட்டினார். தவக்கால ரோஜாவோடு மட்டும் பல காலம் முரண்டு பிடித்தது. அந்தக் கதவும் கடைசியில் திறந்தது; சஸ்ஸெக்ஸ் மாவட்டத்து வால்பர்ட்டன் நர்சரியில் டேவிட் டிரிஸ்ட்ராம் உண்டாக்கிய இளஞ்சிவப்பு 'ரோஸ்மேரி' அதற்குச் சாட்சி. டெவனில் ராட்னி டேவி வெள்ளிக் கோலம் போட்ட இலையோடு 'பென்னிஸ் பிங்க்', 'அன்னாஸ் ரெட்' என்ற வகைகளைப் படைத்தார். தோட்ட எழுத்தாளர்களான பெனலபி ஹாப்ஹவுஸ், அன்னா பாவர்டு இருவரையும் சிறப்பித்து வைத்த பெயர்கள் அவை.

இவற்றில் பல மலடு, விதை பிடிக்காது. அந்தக் காலமாக இருந்தால் இவையும் ஒருவர் தோட்டத்தோடு முடிந்திருக்கும். திசு வளர்ப்பு இவற்றைக் காப்பாற்றியது. தமிழ்நாட்டு விவசாயி ஜி-9 வாழைக் கன்றை வாங்குகிற அதே முறைதான்: கண்ணாடிக் குடுவையில், ஒரே செடியின் திசுவிலிருந்து ஒரே மாதிரி கன்றுகள். ஜெர்மனியின் ஹாய்கர் நர்சரி இப்படிப் பெருக்கிய கிறிஸ்துமஸ் ரோஜாக்கள் டிசம்பரில் ஐரோப்பியக் கடைகளின் வாசலில் தொட்டி தொட்டியாக நிற்கின்றன. ஒரு காலத்தில் ஹெலன் பாலார்டின் செடியில் ஒரு துண்டுக்காக மக்கள் காத்திருந்தார்கள். இன்று காய்கறி வாங்கப் போனவர் ஒரு ஹெல்லிபோரோடு வீட்டுக்கு வரலாம். இது நல்ல மாற்றம். இருந்தாலும் கையால் மகரந்தம் தடவி விதை போடுகிறவர்கள் ஓய்ந்துவிடக் கூடாது. குடுவை ஏற்கெனவே இருக்கும் செடியைத்தான் பெருக்கும். புதிதாக ஒன்றைத் தராது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் எர்னி, மரியெட்டா ஓ'பர்ன் தம்பதியரின் 'விண்டர் ஜுவல்ஸ்' வம்சங்கள் விதை வழியிலேயே வந்தவை, இன்றைய மிக அழகான அடுக்குப் பூக்களில் சில அவற்றில்தான் இருக்கின்றன.

விதை வழிக்கு இன்னொரு காரணமும் சேர்ந்துகொண்டது. 1990-களிலிருந்து தோட்டக்காரர்களை மிரட்டிய 'கருஞ்சாவு' என்ற நோயில், இலை நரம்புகளில் கறுப்புக் கோடுகள் ஓடி, தளிர் முறுக்கிக்கொண்டு செடி குன்றிப்போகும். இதற்கு மருந்து கிடையாது. பிடுங்கி எரிக்க வேண்டியதுதான். ஒரு வைரஸோடு தொடர்புடைய இந்த நோயை அசுவினிப் பூச்சி பரப்புவதாகக் கருதுகிறார்கள். முப்பது ஆண்டு வம்சத்தின் தாய்ச்செடிகளை ஒரு நர்சரிக்காரர் தம் கையாலேயே பிடுங்கிப் போடும் நிலை எவ்வளவு கொடியது என்று சொல்லத் தேவையில்லை. பல நர்சரிகள் நோயில்லாத புது நாற்றுகளிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியிருந்தது.

பெயர் தொலைந்த பழைய வகைகளின் ரத்தம் முழுக்க வற்றிவிடவில்லை. இங்கிலாந்தின் பழைய வீட்டுத் தோட்டங்களில், ஹேசல் புதர்களுக்கடியில், யார் நட்டது என்றே தெரியாத ஹெல்லிபோர் திட்டுகள் இருக்கின்றன. ஜூனில் காய் வெடித்து விதை கொட்டும். மறுநாள் காலைக்குள் எறும்புகள் வந்து வரிசை கட்டும். வெள்ளைச் சதைக்காக விதையைத் தூக்கிக்கொண்டு போய், சதையைத் தின்றுவிட்டு, கறுப்பு விதையைச் சுவரோரத்திலோ நடைபாதைக் கல்லின் இடுக்கிலோ போட்டுவிடும். அதில் முளைப்பது மூன்றாவது குளிர்காலத்தில் பூக்கும். என்ன நிறம் என்று தெரிந்துகொள்ள யாராவது குனிந்து, ஒரு விரலால் அதன் முகத்தை நிமிர்த்த வேண்டும்.